லிப்போ சார்ஜருக்கு எந்த பவர் சப்ளை?

பறக்கும்_வடை: அண்ணே, 6எஸ் (ஆறு செல்) 5000 எம்ஏஹெச் லிப்போ பேட்டரிக்கு ஒரு டிசி சார்ஜர் வாங்கிட்டேன், அத நேரா பிளக்ல போட முடியாது, தனி பவர் சப்ளை வேணும், வீட்ல கிடக்குறது பழைய லேப்டாப் அடாப்டர், 19 வோல்ட் 65 வாட், இது போதுமா?

எச்டிபி_பைலட்: பத்தாது தம்பி. 1சி-ன்னா, அதாவது சுமார் ஒரு மணி நேரத்துல ஃபுல் ஆகுற வேகம்னா, 5 ஆம்ப், ஃபுல் ஆகும்போது 25.2 வோல்ட், பெருக்குனா 126 வாட், சார்ஜர்லயே கொஞ்சம் சூடா வீணாகும், அதனால 200 வாட்டாவது எடு. 12 வோல்ட்ட விட 24 நல்லது, அதே வாட்டுக்கு ஆம்ப் பாதிதான், வயரும் சுடாது. சார்ஜர் இன்புட் 24 தாங்குமான்னு முதல்ல பாத்துக்க.

பழைய_சால்டரிங்: சிங்கப்பூர் சிம் லிம் டவர்ல தேடு, சிம் லிம் ஸ்கொயர்ல இல்ல லா! இரும்புப் பெட்டி டைப் பவர் சப்ளைன்னா 115/230 வோல்ட் சுவிட்ச் 230ல இருக்கான்னு பாரு, நான் பாக்காம போட்டு டப்புன்னு போச்சு. எர்த் வயர் கண்டிப்பா மாட்டணும்.

பறக்கும்_வடை: சரிண்ணே, 24 வோல்ட் 10 ஆம்ப் எடுக்குறேன், சனிக்கிழமை போறேன்.