ஓவர்டிராஃப்ட் சார்ஜ் 66 பவுண்டு போயிடுச்சு, திரும்ப வாங்க முடியுமா? அவசரம்

லெஸ்டர்_புதுவரவு:
எல்லாருக்கும் வணக்கம். யாராவது சீக்கிரம் பதில் சொல்லுங்க ப்ளீஸ். யூகே வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. சம்பளம் லேட்டானதுல அக்கவுண்ட் மைனஸ்ல போயிடுச்சு. ஓவர்டிராஃப்ட் சார்ஜ்னு மொத்தம் 66 பவுண்டு 55 பென்ஸ் போயிருக்கு. நான் ஓவர்டிராஃப்ட் கேட்கவே இல்லை! அடுத்த வாரம் வீட்டு வாடகை வேற கட்டணும். இந்தப் பணத்தை எப்படித் திரும்ப வாங்குறது? கிரெடிட் ஸ்கோர், விசா இதெல்லாம் அடிபடுமா? பயமா இருக்கு.

ஈஸ்ட்ஹாம்வாசி:
கண்டிப்பா வாங்கலாம் தம்பி. முதல்ல பேங்க்குக்கு சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட் போடுங்க. உங்களைப் பத்தி அவங்க வெச்சிருக்கற விவரத்தை எல்லாம் ஒரு மாசத்துக்குள்ள இலவசமாத் தரணும். சார்ஜ் எல்லாத்தையும் கூட்டி, இது அநியாயக் கட்டணம்னு ஒரு லெட்டர். 14 நாள்ல பதில் வரலைன்னா ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சின்னத் தொகைக்கான கோர்ட் வழக்கு. 300 பவுண்டுக்குள்ள இருந்தா கோர்ட் கட்டணம் 35 பவுண்டுதான், ஜெயிச்சா அதுவும் திரும்ப வரும். 2006, 2007ல இப்படித்தான் ஆயிரக்கணக்கானவங்க வாங்கினாங்க. தடவைக்கு 30, 35 பவுண்டுன்னு எடுத்த பேங்க் எல்லாம் கோர்ட் தேதிக்கு முன்னாடியே காசைக் கொடுத்து முடிச்சுக்கிட்டாங்க.

கணக்குவழக்கு:
ஈஸ்ட்ஹாம் அண்ணா, அந்த வழி 2009 நவம்பர் 25ஆம் தேதியோட அடைபட்டுப் போச்சு. நியாய வணிக அலுவலகம்னு (ஓஎஃப்டி) அப்ப இருந்த அரசு அமைப்பு வங்கிகள் மேல போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் வங்கிகள் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. ஓவர்டிராஃப்ட் கட்டணமும் கணக்குச் சேவைக்கான விலையோட ஒரு பகுதிதான், அதனால விலை அதிகமா இல்லையான்னு நுகர்வோர் ஒப்பந்தத்துல அநியாய நிபந்தனை பத்தின 1999 ஒழுங்குவிதிகளை வெச்சு எடை போட முடியாதுன்னு சொன்னாங்க. இன்னைக்கு அந்தப் பழைய மாதிரி லெட்டரை அனுப்பினா, இந்தத் தீர்ப்பைக் காட்டி ஒரு பக்கத்துல முடிச்சுடுவாங்க. 35 பவுண்டு கோர்ட் கட்டணமும் வீண்.

அதைவிட முக்கியம், 2020 ஏப்ரல் 6லேர்ந்து விதியே வேற. பேங்க்குகளைக் கண்காணிக்கற எஃப்சிஏ அமைப்போட உத்தரவுப்படி ஓவர்டிராஃப்ட்டுக்கு நாள் கட்டணம், மாசக் கட்டணம் எதுவும் போடக்கூடாது. ஒரே ஒரு வருட வட்டி வீதம்தான். கேட்டு வாங்கின ஓவர்டிராஃப்ட்டைவிடக் கேட்காம போனதுக்கு அதிக வீதம் போடவும் கூடாது. நிறைய பேங்க் 39.9 சதவீதத்தை ஒட்டி வெச்சிருக்காங்க. அந்த வீதத்துல 200 பவுண்டு மைனஸ் 30 நாள் கிடந்தா வட்டி சுமார் 5 பவுண்டு 60 பென்ஸ். ஒரு மாசத்துல 66 பவுண்டு வட்டி வரணும்னா 2,300 பவுண்டுக்கு மேல மைனஸ்ல இருக்கணும். புதுசா வந்தவங்களை எந்த பேங்கும் கேட்காம அவ்வளவு தூரம் போக விடாது. அதனால இந்த 66ல பெரும்பகுதி பேங்க் எடுத்ததே இல்லைன்னு நினைக்கிறேன். ஸ்டேட்மென்ட்ல என்னன்னு எழுதியிருக்கு?

முதல்_சம்பளம்:
சார்ஜ் கிடக்கட்டும், சம்பளம் ஏன் லேட்டாச்சு, அதைப் பாருங்க. முதல் மாசம் எல்லாரையும் கவுக்குறது பேரோல் கட்-ஆஃப்தான். கட்-ஆஃப் தேதி தாண்டி வேலைக்குச் சேர்ந்தா அந்த மாசச் சம்பளம் அடுத்த மாசம்தான் வரும். சேர்ற அன்னைக்கே ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்னு ஒரு வரி விவரப் படிவம் நிரப்பிக் கொடுக்கணும். கொடுக்கலைன்னா 0T வரிக் கோடுல வரிவிலக்கே இல்லாம வரி பிடிப்பாங்க. நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் வரலைன்னு சம்பளத்தை நிறுத்தி வைக்கக் கூடாது, அது இல்லாமலே வேலைக்குச் சேரலாம். ஹெச்ஆர்ல சம்பள அட்வான்ஸ் கேளுங்க, பல இடத்துல உண்டு. எல்லா டைரக்ட் டெபிட்டையும் (கம்பெனிக்காரங்க நம்ம அக்கவுண்ட்லேர்ந்து தானா எடுத்துக்கறது) சம்பள தேதிக்கு மூணு நாலு நாள் தள்ளி வைங்க. அப்படியே பேசிக் அக்கவுண்ட்டுக்கு மாறிடுங்க. அதுல ஓவர்டிராஃப்ட்டும் கிடையாது, பணம் இல்லாம பேமென்ட் திரும்பினா கட்டணமும் கிடையாது.

குரொய்டன்_தமிழன்:
பேசிக் அக்கவுண்ட்டுக்கு எதுக்கு மாறணும்? இருக்கற அக்கவுண்ட்ல 250 பவுண்டுக்கு ஓவர்டிராஃப்ட் லிமிட் கேட்டு வாங்கி வைங்க. வட்டி எப்படியும் அதேதான், ஆனா வாடகை திரும்பாது. வாடகை திரும்புறதுதான் பெரிய தலைவலி.

முதல்_சம்பளம்:
லிமிட் கேட்டா கிரெடிட் ஃபைல்ல தேடல் பதிவாகும். ரெண்டு மாசக்காரருக்குக் கொடுக்கவும் மாட்டாங்க. ரெண்டு பக்கமும் நஷ்டம்.

குரொய்டன்_தமிழன்:
அதுதானே கொடுமை. ஊர்ல பத்து வருஷம் ஒழுங்கா கடன் கட்டின பேருக்கு இங்க மதிப்பு பூஜ்ஜியம். வீடு எடுக்க பேங்க் ஸ்டேட்மென்ட் கேப்பாங்க, பேங்க்ல வீட்டு முகவரிக்கு ஆதாரம் கேப்பாங்க. சேமிப்புக்கு அவங்க கொடுக்கற வட்டி என்ன, நம்மகிட்ட வாங்கற 39.9 என்ன!

ஈஸ்ட்ஹாம்வாசி:
கிளையை மூடிக்கிட்டே போறாங்க. ஆப்ல சாட் பண்ணுனு சொல்றாங்க. சாட்ல ரோபோ பேசுது. ஒரு ஆளைப் பிடிக்கறதுக்கே அரை நாள் போகுது.

ஹாரோ_அக்கா:
எல்லாரும் சொல்லுறது சரிதான், ஆனா கேட்ட பிள்ளைக்கு இன்னும் பதில் கிடைக்கேல்ல. தம்பி, ஸ்டேட்மென்ட்டில கழிஞ்ச வரியளை அப்படியே போடுங்கோ. கணக்கு நம்பரை மட்டும் மறைச்சுவிடுங்கோ. பேங்கில குடுத்த போன் நம்பர் எது? ஊர் நம்பரோ, இங்கத்தை சிம்மோ? வாடகை எத்தனை நாள் பிந்திக் கட்டினனீங்கள்?

விசாவுக்குப் பயப்பட வேண்டாம். ஓவர்டிராஃப்ட் நீங்களும் பேங்கும் செய்த கொடுக்கல் வாங்கல். விசாவில தடை எண்டு போட்டிருக்கிற அரசு உதவிப் பணத்துக்குள்ள அது வராது.

லெஸ்டர்_புதுவரவு:
நன்றி அக்கா. இப்பதான் ஒவ்வொரு வரியா பார்த்தேன். போன் பில் போனதுல அக்கவுண்ட் 140 பவுண்டு மைனஸ், 12 நாள் இருந்திருக்கு. அதுக்கு வட்டி 1.55. அன்பெய்ட் டிரான்சாக்‌ஷன் ஃபீ 5 பவுண்டு ரெண்டு தடவை, ஒண்ணு ஜிம், ஒண்ணு வாடகை ஸ்டாண்டிங் ஆர்டர் (மாசா மாசம் தானா போக நான் போட்டு வெச்சது). ஜிம் இந்த மாச டைரக்ட் டெபிட்லயே அட்மின் ஃபீ 25 சேர்த்து எடுத்திருக்காங்க, முன்னாடி மெயில் எதுவும் வரலை. வாடகை மூணு நாள் லேட், லெட்டிங் ஏஜென்ட் லேட் ஃபீ 30 கேட்டாங்க, பயந்து அனுப்பிட்டேன். பேங்க்ல முதல்ல கொடுத்தது வந்த புதுசுல வாங்கின ஃப்ரீ சிம் நம்பர். இப்ப இருக்கற சிம் நம்பரை நாலு வாரம் முன்னாடியே பேங்க் ஆப்ல மாத்திக் கொடுத்தேன், மாத்திட்டோம்னு மெயிலும் வந்துச்சு. ஆனா மைனஸ் ஆனப்ப எந்த மெசேஜும் வரலை.

ஹாரோ_அக்கா:
பார்த்தீங்களோ, பேங்க் எடுத்தது 11.55 தான். மிச்சம் 55ஐ வேற ரெண்டு பேர் எடுத்திருக்கினம். பெரிய காசு எங்க இருக்கோ அங்கயிருந்து துவங்குவம்.

முதலில ஏஜென்ட்டின்ர விஷயம். நீங்கள் இருக்கிறது இங்கிலாந்தில, அங்க 2019 டெனன்ட் ஃபீஸ் ஆக்ட் இருக்கு. வாடகை 14 நாள் பிந்தினாப் பிறகுதான் ஏதும் கேட்கலாம். அதுவும் ஒப்பந்தத்தில எழுதியிருக்க வேணும். கேட்கிறதும் வட்டி மட்டும்தான், பேங்க் ஆஃப் இங்கிலாந்து வீதத்துக்கு மேல 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூண்டு நாளுக்கு 30 பவுண்டு எண்டது தடைசெய்த கட்டணம். சட்டத்தின்ர பேரைப் போட்டு, 7 நாளில திருப்பித் தரச் சொல்லி ஈமெயில் எழுதுங்கோ. தராட்டி லெஸ்டர் கவுன்சிலின்ர டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் எண்ட நுகர்வோர் பிரிவுக்கு முறைப்பாடு, இல்லாட்டி ஃபர்ஸ்ட்-டியர் டிரிப்யூனல் எண்ட தீர்ப்பாயம். ஒண்டு கவனம், அந்த 30ஐ வர்ற வாடகையில நீங்களாக் கழிச்சுப்போடாதேங்கோ. வாடகை குறையுது எண்டு இன்னொரு பிரச்சினையைக் கிளப்புவினம்.

ஜிம் 25க்கு ரெண்டு வழி இருக்கு. டைரக்ட் டெபிட்டில தொகை மாறினா முன்கூட்டியே அறிவிக்க வேணும், வழக்கமா 10 வேலை நாள். நீங்கள் அதைவிடக் குறைய ஒப்புக்கொண்டு கையெழுத்து வச்சிருக்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கோ. அறிவிப்பே வரேல்ல எண்டா பேங்கில டைரக்ட் டெபிட் கேரண்டி எண்டு சொல்லிக் கேளுங்கோ, பேங்க்தான் உடனே காசைப் போட வேணும். ஆனா மாதச் சந்தாவையும் சேர்த்து திருப்பிக் கேட்காதேங்கோ, அது நீங்கள் கட்ட வேண்டிய காசு, பிறகு கலெக்‌ஷன் எண்டு கடன் வசூலிக்கிற ஆக்கள் வருவினம். டைரக்ட் டெபிட்டை நிப்பாட்டினா ஒப்பந்தம் முடிஞ்சது எண்டும் இல்லை.

கணக்குவழக்கு:
ஜிம்முக்கு ரெண்டாவது வழியை நான் சொல்றேன் அக்கா. 2009 தீர்ப்பு ஜிம்முக்குப் பொருந்தாது. பணம் கட்டத் தவறினதுக்குப் போடற 25 பவுண்டு சேவைக்கான விலை இல்லை, நஷ்ட ஈடு. ஒப்பந்தத்தை மீறினதுக்கு அளவுக்கு மீறி நஷ்ட ஈடு கேட்கறதை, அநியாயமா இருக்கலாம்னு 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் பட்டியல்லயே போட்டிருக்கு. ஒரு டைரக்ட் டெபிட் திரும்பினதுல உங்களுக்கு உண்மையா எவ்வளவு செலவாச்சுன்னு எழுத்துல கேளுங்க. பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே இறங்கி வருவாங்க.

பேங்க்ல வட்டி 1.55 சரியான கணக்கு, விட்டுடுங்க. 10 பவுண்டைத் திரும்பக் கேட்கக் காரணம் இருக்கு. அக்கவுண்ட் மைனஸ்ல போகும்போதும், பேமென்ட்டைத் திருப்பும்போதும் பேங்க் தானாவே அலர்ட் அனுப்பணும், நாம கேட்க வேண்டியதில்லை. அலர்ட் வந்தா அன்னைக்கே குறிப்பிட்ட மணிக்குள்ள பணம் போட்டு பேமென்ட்டைக் காப்பாத்தலாம், அந்த மணி எதுன்னு ஆப்ல இருக்கும். உங்க புது நம்பர் அவங்ககிட்ட இருந்தும் மெசேஜ் வரலைன்னா தப்பு அவங்க பக்கம். ஆப்ல சாட் பண்றப்ப "கம்ப்ளெயின்ட்" அப்படிங்கற வார்த்தையைச் சேர்த்து எழுதுங்க. வெறுமனே சந்தேகம் கேட்ட மாதிரி எழுதினா அதைப் புகார்னு பதிவு பண்ண மாட்டாங்க, நாள் கணக்கும் ஓடாது.

இப்படி எழுதினா போதும், ஆங்கிலத்துல மாத்திக்குங்க: "இது ஒரு புகார். இந்தத் தேதியில் என் கணக்கு முன் அனுமதி இல்லாத ஓவர்டிராஃப்ட்டில் சென்றது. இந்தத் தேதிகளில் இரண்டு பேமென்ட்கள் திரும்பி, தலா 5 பவுண்டு கழிக்கப்பட்டது. என் புதிய எண்ணை இந்தத் தேதியிலேயே பதிவு செய்தேன், நீங்கள் உறுதி செய்த மெயில் இணைப்பில் உள்ளது. எனக்கு எந்த அலர்ட்டும் வரவில்லை. எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் அனுப்பினீர்கள் என்ற பதிவைத் தரவும். 10 பவுண்டைத் திருப்பிச் செலுத்தவும். புதிய நாட்டில் முதல் சம்பளம் தாமதமானதால் பணமுடையில் இருக்கிறேன் என்பதையும் பதிவு செய்துகொள்ளவும்."

அந்தக் கடைசி வரியை விட்டுடாதீங்க. பணமுடையில இருக்கேன்னு வாடிக்கையாளர் சொல்லிட்டா, அதைக் கணக்குல எடுத்து நியாயமா நடத்தணும்னு விதி இருக்கு. எட்டு வாரத்துக்குள்ள இறுதிப் பதில் தரணும். தரலைன்னாலோ மறுத்தாலோ பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ஃபைனான்ஷியல் ஒம்பட்ஸ்மன் சர்வீஸ், இலவசம், 0800 023 4567. இறுதிப் பதில் வந்த தேதியிலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும். நாங்க வாங்கித் தர்றோம்னு விளம்பரம் பண்ற கம்பெனிகிட்ட போகாதீங்க, கிடைக்கற காசுல 30 சதவீதம் வரைக்கும் பிடிப்பாங்க.

லெஸ்டர்_புதுவரவு:
ரொம்ப நன்றி. ஏஜென்ட்டுக்கு இப்பவே எழுதறேன். கிரெடிட் ஸ்கோர்?

ஹாரோ_அக்கா:
டைரக்ட் டெபிட் திரும்பினது தன்ர பாட்டில கிரெடிட் ஃபைலில ஏறாது. போன் பில் கட்டுப்பட்டுட்டுது, அதால பிரச்சினை இல்லை. ஜிம் பாக்கியை மட்டும் கலெக்‌ஷனுக்குப் போக விடாதேங்கோ. வாடகை ஸ்டாண்டிங் ஆர்டர் தேதியை இண்டைக்கே ஆப்பில பாருங்கோ. சம்பளத்துக்கு முதல் விழுகுது எண்டா, தேதியை மாத்தலாமோ எண்டு ஏஜென்ட்டிட்டக் கேட்டு, பதிலை ஈமெயிலில வாங்கி வையுங்கோ.