நிறுத்தி வைத்த வானின் காஸ் அடுப்புக்குள் சிலந்தி, பிரிட்ஜுக்குள் குளவி: என்ன செய்வது?

மாங்குளத்தான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்களிடம் ஒரு பழைய ஹையேஸ் வான் இருக்கிறது. பின்பக்கத்தில் படுக்கை அடித்து, இரண்டு பேர்னர் காஸ் அடுப்பும் கனடாவில் இருந்து சித்தப்பா அனுப்பிய, காஸில் ஓடுகிற சின்னப் பிரிட்ஜும் பூட்டியிருக்கிறோம். மடு ஆவணித் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கல், நாயாற்றுக் கடற்கரை என்று குடும்பமாகப் போய்த் தங்கி வருவோம். மாரி தொடங்கினால் வான் வளவில் முதிரை மரத்துக்குக் கீழே நிற்கும், தை கடந்துதான் திரும்ப எடுப்போம்.

இந்த முறை எடுத்து அடுப்பைப் பற்றவைத்தால் ஒரு பக்கம் மஞ்சளாக எரிகிறது, சட்டி அடியெல்லாம் கரி. மற்றப் பக்கம் அதைவிடப் பயம்: மேலே எரியவேண்டிய நெருப்பு திருகிற குமிழுக்குப் பின்னால், அடுப்புக்குக் கீழே எரிந்தது. உடனே சிலிண்டரைப் பூட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன், குழாய்க்குள் வெள்ளையாகப் பஞ்சு மாதிரிச் சிலந்திக் கூடு. பிரிட்ஜ் பற்றவே இல்லை. அதன் வெளிப்பக்கத் தட்டியைத் திறந்தால் பேர்னருக்குப் பக்கத்திலேயே குளவி மண்கூடு கட்டியிருக்கிறது.

எதையும் பழுதாக்காமல் எப்படித் துப்புரவாக்குவது? அடுத்த மாரிக்கு இவை உள்ளே போகாமல் எல்லாத் துளைகளுக்கும் நுளம்பு வலை அடித்துவிடலாமா? சின்னப் பிள்ளைகள் படுக்கிற வான், அதனால்தான் விளக்கமாகக் கேட்கிறேன்.

வவுனியா காஸ்வேலை:

தம்பி, சிலிண்டரைப் பூட்டினது நல்ல வேலை. இனித் துப்புரவாக்கி முடியும்வரை அதைத் திறக்கவேண்டாம்.

நடந்தது இதுதான். ஜெட் என்கிற அந்தச் சின்னப் பித்தளைத் துளையால் காஸ் வேகமாகப் பாயும்போது பக்கத்தில் இருக்கிற காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். இரண்டும் கலந்தால்தான் நீலமாக எரியும். குழாயில் கூடு அடைத்தால் காற்றுக் குறையும், காஸ் முழுதாக எரியாது, அதுதான் மஞ்சள் நெருப்பும் கரியும். இன்னும் கூட அடைத்தால் காஸ் முன்னுக்குப் போக இடமில்லாமல் காற்று உள்ளே வருகிற வாயாலேயே பின்பக்கம் வழியும், நீங்கள் கண்ட நெருப்பு அதுதான், ஹோஸ் பக்கத்தில் இருந்தால் அதுவும் பற்றிவிடும். கரியைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மொனொக்சைட். மணமும் இல்லை, நிறமும் இல்லை, கதவு பூட்டின வானுக்குள் படுத்திருப்பவர்களை எழும்பவிடாது. அதனால் மஞ்சள் நெருப்பில் தேத்தண்ணி மட்டும் வைத்துக்கொள்வோம் என்று யாரும் தொடர்ந்து பாவிக்கக்கூடாது.

குழாயைக் கழற்றி, போத்தல் கழுவும் பிரஷில் மெல்லியது ஒன்றை இரண்டு முனையாலும் விட்டு எடுங்கள். பிறகு ரயர் ஒட்டுகிற கடையில் கொடுத்து, நெருப்பு வருகிற பக்கத்தில் இருந்து காற்று அடிக்கச் சொல்லுங்கள். ரெகுலேற்றர், ஹோஸ் பக்கம் காற்று அடிக்கவே கூடாது. ஜெட்டுக்குள் ஊசி, கம்பி எதுவும் விடவேண்டாம். பித்தளை மென்மையானது, துளை கொஞ்சம் பெருத்தாலும் காஸ் கூடிப் பிறகு எப்போதும் மஞ்சளாகத்தான் எரியும். பாமசியில் விற்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவிட்டு, ஊதி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். கடைசியில் சவர்க்கார நுரை பூசி மூட்டு எல்லாம் பார்க்கவேண்டும். குமிழி வந்தால் கசிவு.

ஒட்டுசுட்டான், இப்போது ஸ்காபரோ:

இங்கே கனடாவில் கரவன், அதாவது படுத்துத் தங்கிப் பயணம் போகிற வண்டி, வைத்திருப்பவர்களுக்கு இது ஒவ்வொரு வசந்தத்திலும் வருகிற வேலை. பனிக்காலம் முழுக்க நிற்கிற வண்டியில் முதல் நெருப்பு வைக்கமுன் அடுப்பு, பிரிட்ஜ், சுடுதண்ணீர்க் கொதிகலன் மூன்றையும் திறந்து பார்ப்போம். காஸில் மணத்துக்காகச் சேர்க்கிற மெர்காப்டன் சிலந்தியைக் கூப்பிடுகிறது என்று பலர் சொல்வார்கள். மணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மழை படாத ஒடுங்கிய இருட்டுக் குழாய் அதற்குப் போதும். 2011 இல் மஸ்டா 6 கார்களை, வட அமெரிக்காவில் ஏறத்தாழ 65,000 வரை, நிறுவனம் திரும்ப அழைத்தது இந்தக் காரணத்துக்குத்தான்: பெற்றோல் தாங்கியின் காற்றுக்குழாயில் மஞ்சள் சிலந்தி வலை கட்டி, அழுத்தம் மாறித் தாங்கி வெடிப்பு விடக்கூடும் என்று. 2014 இல் இன்னும் 42,000 கார்கள். சிலந்தி சின்னது என்று விடமுடியாத விஷயம் இது.

தம்பியின் பிரிட்ஜைப் பற்றி ஒன்று. இங்கே விற்பவை புரொப்பேனுக்கு ஜெட் போட்டவை, இலங்கையில் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஆகவே அங்கே பூட்டின நாளில் இருந்தே சுடர் மஞ்சளாக இருந்திருந்தால் ஜெட்டையும் அழுத்தத்தையும் தெரிந்தவரிடம் காட்டவேண்டும். முன்பு நீலமாக எரிந்து, நிறுத்தி வைத்த பிறகு மாறினால் அது பூச்சிதான். மண்கூட்டை உடைக்கும்போது துகள் பேர்னருக்குள் விழாமல் முதலில் ஒரு துணி போட்டு மூடுங்கள். அதோடு மேலே போகிற புகைக்குழாயையும் பாருங்கள், அங்கிருந்து கரியும் துருவும் கொட்டி நிற்கும்.

கிளி வானோட்டி:

ஏன் இவ்வளவு பாடு, பூச்சி மருந்து ஸ்ப்ரேயை மாதம் ஒருமுறை உள்ளே அடித்துவிட்டால் சரிதானே? இல்லாவிட்டால் வேப்பிலைப் புகை.

வவுனியா காஸ்வேலை:

வேண்டாம் தம்பி. ஸ்ப்ரே பேணியைத் தள்ளுகிற வாயு பெரும்பாலும் பற்றக்கூடியது, அடுப்புக்குள் தங்கி நின்றால் பற்றவைக்கும்போது பக்கென்று எரியும். மருந்தின் பசையும் ஜெட்டில் ஒட்டும். நெப்தலீன் உருண்டையும் அப்படித்தான், அதன் ஆவியும் பற்றும். புகை போட்டால் சிலந்தி ஓடலாம், கட்டின கூடு அங்கேயே இருக்கும்.

முல்லைத்தீவு விஞ்ஞான ஆசிரியை:

குளவியைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்தேன். மண்கூடு கட்டுகிற இந்தக் குளவி தன் புழுவுக்கு உணவாகச் சிலந்திகளைக் கொட்டி மயக்கிக் கூட்டுக்குள் அடைக்கும். ஒரு கூட்டை உடைத்துப் பாருங்கள், உள்ளே சிலந்திகள் இருக்கும். அதாவது வானைச் சுற்றிச் சிலந்தி பெருகினால் குளவிக்கும் அது வசதி. ஒட்டறையை அடிக்கடி அடித்துவிடுங்கள், இரவில் வானுக்குக் கிட்ட வெளிச்சம் எரியவிடாதீர்கள், வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். குளத்துப் பக்கங்களில் ஈரமண் எப்போதும் கிடைப்பதால் சாவித்துளை, பிளக் துளை எதையும் குளவி விடாது, இது வன்னியில் வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

வலை அடிப்பதைப் பற்றி அண்ணைமார் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஒட்டுசுட்டான், இப்போது ஸ்காபரோ:

வலை நல்லது, ஆனால் எல்லா இடத்துக்கும் இல்லை. பிரிட்ஜின் வெளித்தட்டிக்கு துருப்பிடிக்காத கம்பிவலை போடலாம், நைலோன் நுளம்பு வலை வெப்பத்தில் உருகும். கண் மிகச் சின்னதாக இருந்தால் கிரவல் வீதிப் புழுதி அடைத்து, பேர்னருக்கும் காற்று இல்லை, பின்பக்கச் சூடும் வெளியேறாது. வலை பூட்டமுன் பிரிட்ஜோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், சில மாதிரிகளுக்கு வலையே போடக்கூடாது என்று எழுதியிருக்கும்.

மாரிக்கு நிறுத்தும்போது சிலிண்டரைக் கழற்றி அதன் பிளாஸ்ரிக் மூடியைப் போடுங்கள், ஹோஸின் திறந்த முனையையும் இறுக்கமாக மூடுங்கள், அது பலர் மறக்கிற இடம். பேர்னர்களைக் கழற்றி மூடுகிற பெட்டியில் வீட்டுக்குள் வைத்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. வெளித் துளைகளை அந்த மாதங்களுக்கு மட்டும் துணியால் அடைத்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா வெளியே தொங்கவிடுங்கள், எடுக்காமல் யாரும் பற்றவைக்காதபடி.

மாங்குளத்தான்:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. அடுப்பு இரண்டும் இப்போது நீலமாக எரிகிறது, நுரை போட்டுப் பார்த்தேன், கசிவு இல்லை. பிரிட்ஜை வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் காட்டப்போகிறேன். இன்னும் ஒரு கேள்வி: சிலிண்டர் பெட்டியின் அடியில் ஒரு துளை இருக்கிறது, அதிலும் குளவி மண் அடைத்திருக்கிறது. அதை அப்படியே விட்டால் பூச்சி வராதுதானே? கசிவு காட்டுகிற கருவி வாங்கினால் எங்கே பூட்டுவது?

வவுனியா காஸ்வேலை:

அந்தத் துளையை இன்றைக்கே திறவுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழேதான் இறங்கும், அது வெளியே போவதற்காகவே அந்தத் துளை வைத்திருக்கிறது. சிலிண்டர் உள்ளே இருக்கும்வரை துணியாலும் அடைக்கக்கூடாது, பெரிய கண் கம்பிவலை ஒன்று போட்டு மாதாமாதம் தட்டிவிடுங்கள். கருவி இரண்டு வேண்டும். காஸ் கசிவுக்கானது தரைக்குக் கிட்ட, கார்பன் மொனொக்சைட்டுக்கானது படுக்கையில் தலை வைக்கிற உயரத்தில், அது காற்றோடு காற்றாகக் கலந்து நிற்பது. பிரிட்ஜைக் கொண்டுவரும்போது ரெகுலேற்றரையும் ஹோஸையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.