இடது ஓரம் திறந்து கிடக்கிறது: 4-3-3 ஆட்டமுறையை மாற்ற வேண்டுமா?

செம்மண் திடல்:
வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கால்பந்துக் குழு ஒன்றுக்கு இவ்வாண்டு பயிற்சி அளித்து வருகிறேன். 4-3-3 முறையில், அதாவது தற்காப்பில் நால்வர், நடுவில் மூவர், முன்களத்தில் மூவர் என ஆடுகிறோம். பந்து எங்களிடம் இருக்கும்வரை குறையில்லை. பறிபோனதும் குழு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. கடைசி மூன்று ஆட்டங்களில் வாங்கிய ஐந்து கோல்களில் நான்கு ஒரே விதமாக விழுந்தன. இடது தற்காப்பு ஆட்டக்காரர் முன்னேறியதும் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு எதிரணி நீண்ட பந்தை அனுப்புகிறது. அதைத் தடுக்க நடுத் தற்காப்பாளர் ஓரத்துக்கு ஓடுகிறார். கோல்முன் ஒருவரே மிஞ்சுகிறார். சென்ற ஞாயிறு மழையில், பெனால்டி புள்ளியருகே தேங்கிய நீரில் பந்து அப்படியே நின்றுவிட, எங்கள் ஆட்டக்காரர் சேற்றில் கால் ஊன்றித் திரும்புவதற்குள் கோல் விழுந்துவிட்டது. மத்தியத் திடலில் தற்காப்பைக் கவனிப்பவருக்கு வயது 36. பந்தைப் பிரித்துக் கொடுப்பதில் அவருக்கு இணையில்லை, ஓட்டம்தான் குறைந்துவிட்டது. ஆளை மாற்றுவதா, ஆட்டமுறையை மாற்றுவதா?

ஓரக்கோடு:
அண்ணா, 3-4-3 முறையை முயன்று பாருங்கள். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 எனத் தோற்ற பின் இங்கிலாந்தின் செல்சி குழுப் பயிற்றுநர் அந்தோனியோ கோன்தே மூவர் தற்காப்புக்கு மாறினார். தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களில் வென்று, அப்பருவத்தின் கிண்ணத்தையும் கைப்பற்றினார். தாக்குதலுக்குப் பழகிய விக்டர் மோசஸ் வலது ஓரம் முழுவதையும் பார்த்துக்கொண்டார். முன்னேறத் துடிக்கும் உங்கள் இடது தற்காப்பாளருக்கும் அந்த இடம் பொருந்தும். அவர் பின்னால் மூன்றாவது நடுத் தற்காப்பாளர் நிற்பார்.

பழைய கோல்காவலர்:
தம்பி சொன்ன எடுத்துக்காட்டு நல்லதுதான். ஆனால் அந்தச் செல்சியின் நடுவில் கான்டேயும் மாத்திச்சும் இருந்ததை மறக்கக் கூடாது. அந்த இருவர் ஓடிய ஓட்டத்தின் மேல்தான் அம்முறை நின்றது. 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் பயிற்றுநராக வந்த ரூபன் அமோரிமும் மூவர் தற்காப்பையே கையாண்டார். நடுவில் நின்ற இருவரை எதிரணிகள் ஆள் எண்ணிக்கையால் எளிதில் தாண்டிச் சென்றன, அப்பருவம் 15ஆம் இடத்தில் முடிந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், நடுவில் இருவரை மட்டும் நிறுத்தினால் அவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பதற்கு அது போதிய சான்று. 36 வயதுக்காரரை அங்கே நிறுத்தி ஓடச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். என் பார்வையில் இடது தற்காப்பாளர் மேல் பழி இல்லை. அவர் ஏறும்போது பின்னால் நிற்க ஆளில்லாததுதான் குறை. தற்காப்பு நால்வருக்கு முன்னால் இருவர் நிற்கும் 4-2-3-1 முறைக்கு மாறி, நன்றாக ஓடக்கூடிய இளைஞர் ஒருவரை அந்த 36 வயதுக்காரர் பக்கத்தில், சற்றே இடப்புறமாக நிறுத்துங்கள். கோல்காவலரும் கோட்டிலேயே நிற்காமல் பத்தடி முன்னால் நின்றால் அந்த நீண்ட பந்துகளில் பாதியை அவரே எடுத்துவிடுவார்.

செம்மண் திடல்:
மிக்க நன்றி ஐயா. மூன்றாவது நடுத் தற்காப்பாளர் எங்களிடம் இல்லை என்பதால் தம்பியின் யோசனையை இப்போதைக்கு ஏற்க முடியவில்லை. இடது முன்கள ஆட்டக்காரர் செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து நேரே திடலுக்கு வருபவர். பின்வாங்கி உதவ அவரால் முடியாமல் போவதையும் இதுவரை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவரை இனி இரண்டாம் பாதியில் மட்டும் ஆடவிட்டு, வியாழக்கிழமைப் பயிற்சியில் நடுவில் இருவரை நிறுத்தி, அந்த இடது ஓரத்துக்கே நாற்பது ஐம்பது பந்துகளை அடித்துப் பார்க்கப் போகிறேன்.