தன்பாலினத் திருமணத்தை எதிர்ப்பது மதமா, இல்லை வேறு ஏதாவதா?

கரிசல்மண்:
எங்கள் நண்பர் வட்டத்தில் ரெண்டு நாளாக இதே பேச்சுதான். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் தன்பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டது. ஒருவன் சொல்கிறான், அது பௌத்த நாடு, அதனால் முடிந்தது, இங்கே மதங்கள் இருக்கும் வரை நடக்காது என்று. எனக்கு அது ஒட்டவில்லை. அயர்லாந்து கத்தோலிக்க நாடுதானே, 2015 பொது வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். ஸ்பெயின் அதற்கும் பத்து வருடம் முன்னால், 2005-லேயே சட்டம் போட்டுவிட்டது. ஜப்பானில் மதத்தலைவர் யாரும் அரசியலை மிரட்டுவதாகத் தெரியவில்லை, ஆனால் அங்கே தேசிய அளவில் இன்னும் சட்டம் இல்லை. அப்போ மதத்தைக் குற்றம் சொல்வது சரியா? கடவுள் உண்டா இல்லையா என்ற சண்டையை மட்டும் இங்கே இழுக்காதீர்கள், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

கருப்புக்கோட்டு:
மதம்தான், சுற்றி வளைக்க என்ன இருக்கிறது? 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவைத் தளர்த்தித் தீர்ப்புச் சொன்னதும் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது யார் என்று பாருங்கள். முதல் ஆள் ஒரு ஜோதிடர். அவருக்குப் பின்னால் முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்பு ஒன்று. வேறு எந்த வழக்கிலும் ஒரே பக்கம் நிற்காதவர்கள் இதற்கு மட்டும் தோளோடு தோள் நின்றார்கள். 2013-ல் ஜெயிக்கவும் செய்தார்கள், அதை மாற்ற 2018 செப்டம்பர் வரை ஆனது. திருமண வழக்கு 2023-ல் வந்தபோதும் ஜமியத் உலமா-இ-ஹிந்த் என்ற முஸ்லிம் அமைப்பு எதிர்த்து உள்ளே வந்தது.

தைவானையும் பாருங்கள். அங்கே கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. ஆனால் 2018 வாக்கெடுப்பில் எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பெரிய தூணாக நின்றது சபைகள்தான். கோயிலுக்குப் போகிறவன் எல்லாம் எதிரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் திரட்ட, காசு சேர்க்க, வாரா வாரம் ஒரே செய்தியைச் சொல்ல ஒரு அமைப்பு வேண்டும், அது மதத்திடம் ரெடிமேடாக இருக்கிறது.

தெற்குத்தெரு:
கோட்டு அண்ணா, மனுப் போட்டவர்கள் பட்டியல் சரி. ஆனால் அந்த 2023 திருமண வழக்கில் ஒன்றிய அரசின் பிரமாணப் பத்திரத்தில் என்ன இருந்தது? கணவன், மனைவி, குழந்தைகள் என்ற இந்தியக் குடும்ப அமைப்போடு இது ஒத்துப்போகாது என்பதுதான் மையம். அப்புறம் இது நகர்ப்புற மேல்தட்டு ஆசாமிகளின் சிந்தனை என்றார்கள், 160 சட்டப் பிரிவுகள் இடிக்கும் என்றார்கள். வேத வசனத்தை வைத்துக்கொண்டு மட்டும் வாதாடவில்லை. நீதிபதிகளும் ஆரம்பத்திலேயே மதத் தனிநபர் சட்டங்களுக்குள் போகமாட்டோம், 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சட்டத்தில் ஐயரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. அங்கேயே இடம் கிடைக்கவில்லையே!

இன்னொன்று, ஸ்டாலின் காலத்து சோவியத்தில் தேவாலயங்களை இடித்துக்கொண்டிருந்த அதே ஆட்சிதான் 1934-ல் ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கியது. சீனாவில் ஆளுங்கட்சியே நாத்திகக் கட்சி, அங்கேயும் இன்றுவரை இந்தத் திருமணம் கிடையாது. இதற்கெல்லாம் எந்த மதத்தைத் தேடிப் பிடிப்பது?

கருப்புக்கோட்டு:
377-ஐ நமக்குத் தந்தது 1860-ல் வெள்ளைக்காரன். அவன் கையில் இருந்தது கிறிஸ்தவ ஒழுக்கம். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தெற்குத்தெரு:
விடவில்லை. கொண்டுவந்தவன் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது, அதற்குப் பிறகும் கட்டிக் காத்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

நீலாம்பல்:
நான் ஒரு பெண்ணோடு வாழ்கிற பெண். அதனால் எனக்கு இது வெறும் விவாதம் இல்லை.

என் அப்பா கருப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் இருந்ததே இல்லை. அவர் கல்யாணமே சுயமரியாதைத் திருமணம், தாலி கிடையாது, மாலை மாற்றினார்கள், மேடையில் ரெண்டு பேர் பேசினார்கள், அவ்வளவுதான். அந்த மாதிரி திருமணம் செல்லும் என்று அண்ணா ஆட்சியில் 1967-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த கதையை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெருமையாகச் சொல்லி வளர்த்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாயிலிருந்து வந்தது “நாலு பேர் என்ன சொல்லுவாங்க”. அப்புறம் “தம்பிக்கு யார் பொண்ணு குடுப்பாங்க”. கடவுள், பாவம் எதுவும் வரவில்லை. எங்கள் தெருவில் தினமும் ஜெப வீட்டுக்குப் போகும் ஒரு அக்காதான் பிறகு எங்களுக்கு வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தார். அவருக்குத் தெரியும், ஆனால் கேட்டதில்லை. இதை வைத்து மதம் நல்லது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அந்த அக்காவின் போதகருக்குத் தெரிந்திருந்தால் கதை வேறு.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஆட்கொணர்வு மனு நினைவிருக்கிறதா? 25 வயதுப் பெண்ணை அடைத்து வைத்திருந்தது மடமோ சர்ச்சோ இல்லை, பெற்ற குடும்பம். போலீஸ் அந்தப் பெண்ணைத் திரும்ப அதே வீட்டில் கொண்டுபோய் விட்டது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்று அந்தத் தீர்ப்பில் சொன்னார்கள். நான் பார்த்தவரை இங்கே எதிர்ப்பின் வேர் சாதிக்குள் கொடுத்து வாங்குவதில் இருக்கிறது. யார் யாரைக் கட்டுவது, நகை எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போவது, நிலம் யாருக்கு என்ற கணக்கில் ரெண்டு பெண்களை எந்த வரிசையிலும் எழுத முடியாது. வேறு சாதியில் கட்டினால் வெட்டுகிற ஊரில் இதற்கு மட்டும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தா எதிர்க்கப் போகிறார்கள்?

கடலோரம்:
நீலாம்பல் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். தூத்துக்குடியில் 2018-ல் ஒரு கல்யாணம் கோயிலில்தான் நடந்தது. பதிய மறுத்தது பதிவு அலுவலகம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டுப் பதியச் சொன்னது. சாமி சன்னிதியில் முடிந்தது, அரசு மேசையில் முடியவில்லை.

கருப்புக்கோட்டு:
அது ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணம். இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும் அடங்கும் என்பதுதான் தீர்ப்பு. தன்பாலினத் திருமணத்தோடு போட்டுக் குழப்பாதீர்கள், அவர்களுக்கும் நல்லதில்லை, இவர்களுக்கும் நல்லதில்லை.

நீலாம்பல் சொல்வதை மறுக்க மாட்டேன், ஆனால் அந்தச் சாதிக் கணக்குக்குப் புனிதம் பூசுவது எது என்ற கேள்வி என்னிடம் அப்படியே இருக்கிறது.

கரிசல்மண்:
எல்லோருக்கும் நன்றி. எனக்கு இன்னொரு சந்தேகம். திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் திருமணம் அடிப்படை உரிமை இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள், திருமணம் அல்லாத ஒரு சட்ட அங்கீகாரமாவது கொடுக்கலாமா என்பதில் 3-2 என்று பிரிந்தார்கள், சரி. அதற்குப் பிறகு கையில் கிடைத்தது ஏதாவது உண்டா?

கருப்புக்கோட்டு:
கொஞ்சம். 2024-ல் ஒன்றிய அரசு தெளிவுபடுத்தியபடி கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடை இல்லை, துணையை நாமினியாகப் போடலாம், ரேஷன் அட்டையில் ஒரே வீட்டாராகச் சேர்க்கலாம். வாரிசுரிமை இல்லை. சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆகிவிட்டன. நீலாம்பல், ரெண்டு பேரும் இப்போதே உயில் எழுதிப் பதிந்து வையுங்கள். பத்திரம் எழுதுகிறவரிடம் உறவு என்ன என்று விளக்க வேண்டியதில்லை, நண்பர் என்று போட்டாலும் உயில் செல்லும்.

நீலாம்பல்:
நாமினி போட்டாச்சு. உயில் இன்னும் இல்லை. சாட்சிக்கு ரெண்டு பேர் வேண்டுமாமே, யாரைக் கூப்பிடுவது என்றுதான் யோசனை.