புதுப்பிப்பு: குரோமியத்துக்கு அன்னபேதி, அளவு ஏன் பத்தவில்லை?

கோவைப் பக்கம் முலாம் பட்டறைகளை ஒட்டிய மண்ணிலும் கிணற்றிலும் நச்சு மிகுந்த குரோமியம்-6ஐ அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) போட்டு, நச்சு குறைந்த குரோமியம்-3 ஆக இறக்குவதை முன்பு எழுதியிருந்தேன். 1 கிராம் குரோமியத்துக்கு 16 கிராம் அன்னபேதி. "அவ்வளவு போட்டும் இறங்கலீங்களே" என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 16 வெறும் காகிதக் கணக்குங்க. லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்த தண்ணீர், தானே 280 மில்லிகிராம் அன்னபேதியைத் தின்றுவிடும். நம்மூர்க் காரத் தண்ணீரில் இது இன்னும் வேகம். கரைசல் பச்சை மாறிச் செங்காவியாகக் கலங்கினால் வேலைக்கு ஆகாது. செலுத்தினால் போர்க்குழியின் கண்ணையும் அடைத்துவிடும். கொஞ்சம் கந்தக அமிலம் விட்டுக் கரைத்து, உடனே செலுத்துங்கள்.

சுண்ணாம்புக்கல் மண்ணுக்கு அன்னபேதியை விட, குரோமியம்-6ஐ அதே மாதிரி இறக்கும் கால்சியம் பாலிசல்பைடு என்ற கந்தகச் சேர்மத்துக்கே என் ஓட்டு. ஆனால் அதன் பக்கம் அமிலமே போகக்கூடாது. அமிலம் பட்டால் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஆளையே சாய்த்துவிடும்.

அன்னபேதி போட்ட மண்ணை, அமிலம் விட்டு எடுத்த சாற்றில் சோதிக்காதீர்கள். மிச்ச இரும்பு குடுவைக்குள்ளேயே குரோமியம்-6ஐ இறக்கி, பொய்யாகக் குறைத்துக் காட்டும். காரம் விட்டுச் சாறு எடுத்து வடிகட்டி, அந்தத் தெளிந்த சாற்றை மட்டும் அமிலமாக்கி, குரோமியம்-6ஐ நிறத்தால் காட்டும் டைபினைல்கார்பசைடு விடுங்கள். ஊதா வந்தால் இன்னும் இருக்கிறது. குடிநீர் வரம்பு மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்பதால், படிந்த குரோமியம்-3ஐயும் வடிகட்டியே ஆகவேண்டும்.