வண்டு சர்டிபிகேட் வெட்டிச் செலவாமே?!

சாட்ஸ்வொர்த் மாமா: நேத்து இங்க ஒரு புத்திசாலி எழுதிட்டுப் போயிருக்காரு, வீடு வாங்கறப்ப வண்டு சர்டிபிகேட், அதான் வீட்டு மரத்த வண்டு அரிக்கலன்னு ஆள் வந்து பாத்துக் குடுக்கிற தாள், அதக் கேக்கிறது வெட்டிச் செலவு, சட்டத்துலயே கிடையாது, அந்தக் காசுக்கு பெயிண்ட் அடிக்கலாம்னு. நான் இந்தத் தென்னாப்பிரிக்கா டர்பன்ல முப்பது வருஷமா ஆளுங்களுக்காகக் கூரை ஏறிப் பாத்துட்டு இருக்கேன். மச்சான் வாங்கின வீட்டுல உத்தரம் தேக்கு மாதிரி நின்னுச்சு, சாவியால ஒரு குத்து குத்தினேன், அப்பளமா நொறுங்கிருச்சு. வித்தவன் ஃபுட்ஸ்டூட்ஸ்னு எழுதி வாங்கிட்டான், இருக்கிறத இருக்கிறபடி எடுத்துக்கோன்னு. வண்டு சர்டிபிகேட் இல்லாம கையெழுத்து போடாதீங்க.

லெனேசியா குமார்: அந்தப் புத்திசாலி நான்தான் மாமா, பேர் சொல்லியே திட்டலாம். நான் பேசினது சட்டம். வீட்டு வயரிங் சரியா இருக்குன்னு குடுக்கிற கரன்ட் சர்டிபிகேட் சட்டப்படி கட்டாயம், அதுவும் ரெண்டு வருஷத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது. கேஸ் லைன் இருந்தா அதுக்கு ஒண்ணு, கரன்ட் வேலி இருந்தா அதுக்கு ஒண்ணு. வண்டுக்கு எந்தச் சட்டம்? நம்பர் சொல்லுங்க. நான் வீடு வாங்கினப்ப ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் ஒருத்தரும் கேக்கல.

சாட்ஸ்வொர்த் மாமா: கடல்ல இருந்து 500 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு வண்டு பத்திப் பேசறாரு. இங்க ஈரக் காத்து தம்பி, சட்டை மடிச்சு வச்சாலே பூசணம் பூக்கும். டர்பன்ல எந்த ஏஜென்ட்டோட ஒப்பந்தத் தாள எடுத்தாலும் வண்டுக்குன்னு ஒரு வரி இருக்கும்.

லெனேசியா குமார்: தாள்ல இருக்கும். சட்டத்துல இருக்கா?

ஃபீனிக்ஸ் பையன்: அண்ணே ரெண்டு பேரும் ஒண்ணத்தானே சொல்றீங்க? சட்டத்துல இல்ல, ஒப்பந்தத்துல எழுதிட்டா கட்டாயம். சரிதானே?

சாட்ஸ்வொர்த் மாமா: இல்ல.

லெனேசியா குமார்: இல்ல.

டோங்காட் அக்கா: வண்டு வண்டுன்னு ஏன் இப்படி உயிர விடறீங்க, டர்பன் வீட்டுல அரிக்கிறது பாதி கறையான்தான். வண்டுன்னா உளுத்துப் போகும், கறையான்னா செல்லரிக்கும், ரெண்டும் வேற வேற, எங்க ஆயா இருந்தா செவுள்ல ஒண்ணு விட்டு சொல்லிக் குடுத்திருக்கும். அத விடுங்க, மொதல்ல சுவரப் பாருங்க. 2022 ஏப்ரல் வெள்ளத்துல சரிவுல கட்டின வீடுங்க மண்ணோட போச்சு, எங்க ஊர்ல தண்ணி சுத்திகரிக்கிற இடமே ஒடஞ்சு மாசக்கணக்கா டேங்கர் பின்னாடி பக்கெட் தூக்கிட்டு நின்னோம். வீடு பாக்கப் போனா தடுப்புச் சுவர்ல விரிசல் இருக்கா, மேல் வீட்டு மழைத்தண்ணி எங்க எறங்குதுன்னு பாருங்க, அதுவும் மழை பெய்யற அன்னிக்குப் போங்க.

சாட்ஸ்வொர்த் மாமா: செல்லோ வண்டோ, அந்தச் சர்டிபிகேட்டுக்காரன் ரெண்டையும்தான் பாப்பான். வண்டு சர்டிபிகேட் இல்லாம கையெழுத்து போடாதீங்க.

லெனேசியா குமார்: வீடு வாங்கறவங்களுக்கு உருப்படியா ஒண்ணு சொல்றேன். 2025 ஏப்ரல்ல இருந்து 12 லட்சத்து 10 ஆயிரம் ரேண்ட் வரைக்கும் டிரான்ஸ்ஃபர் டியூட்டி, அதான் வீட்ட நம்ம பேருக்கு மாத்தறப்ப கட்டற வரி, இல்ல. 15 லட்சத்துக்கு வாங்கினா மேல இருக்கிற 2 லட்சத்து 90 ஆயிரத்துக்கு 3 சதவீதம், 8,700 ரேண்ட். வக்கீல் ஃபீஸ் தனி, அந்த வக்கீல வைக்கிறது விக்கிறவர், துட்டு கட்டறது நாம. பாண்டுக்கு, அதான் வீட்டுக் கடனுக்கு, பேங்க் வைக்கிற வக்கீலுக்கு இன்னொரு பில்லு. டெபாசிட் மட்டும் கையில இருக்குன்னு கெளம்பிடாதீங்க.

சாட்ஸ்வொர்த் மாமா: லட்சமாம்! இங்க மில்லியன்னு சொல்லுவோம். எங்க தாத்தாவோட அப்பா கரும்பு வெட்ட வந்த ஊரு இது, நேத்து பிளேன்ல எறங்கினவரு கணக்கு சொல்லித் தராரு.

லெனேசியா குமார்: பதினோரு வருஷம் நேத்தா? லட்சம் நாம தமிழ்ல சொல்ற வார்த்தை, மில்லியன் உங்க தாத்தாவோட அப்பா கொண்டாந்ததா? போன காவடிக்கு ரெண்டு வேன் பேசறேன்னு எங்ககிட்ட துட்டு வாங்கிட்டு ஒரு பேக்கி, அந்தச் சின்ன லோடு வண்டி, அனுப்பினீங்களே, அந்தக் கணக்கு மில்லியன்லயா லட்சத்துலயா?

சாட்ஸ்வொர்த் மாமா: வேன் ரிப்பேர்னு அன்னிக்கே சொன்னேன். பேச்ச மாத்தாத. மச்சான் வீட்டு உத்தரத்துக்கு யாரு பதில் சொல்றது?

லெனேசியா குமார்: வித்தவருதான். தெரிஞ்சே மறைச்சிருந்தா ஃபுட்ஸ்டூட்ஸ் அவரக் காப்பாத்தாது. 2022 பிப்ரவரில வந்த புதுச் சட்டப்படி, என்னென்ன கொறைன்னு விக்கிறவர் எழுதிக் கையெழுத்து போட்ட தாள் ஏஜென்ட்டு கையில இருக்கணும். அத வாங்கிப் படிச்சாரா உங்க மச்சான்?

சாட்ஸ்வொர்த் மாமா: அவன் வாங்கினது 2009.

டோங்காட் அக்கா: அப்ப இத்தன வருஷமா இதே கதையா மாமா!

ஃபீனிக்ஸ் பையன்: நான் பாத்த வீடு தெற்கு பாத்த வீடு, அம்மா வாஸ்து சரியில்லங்கறாங்க...

லெனேசியா குமார்: வாஸ்து இருக்கட்டும், நம்ம நாட்டுல வெயில் வடக்கால வரும். தெற்கு பாத்த ஹால்னா ஜூலைல உள்ள நடுங்குவ.

சாட்ஸ்வொர்த் மாமா: டர்பன்ல என்னய்யா நடுக்கம், ஸ்வெட்டரே போட மாட்டோம். தம்பி, அந்த வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸா பாரு, நம்ம பக்கம் பழைய கவுன்சில் வீடுங்க பல இருக்கு, மாத்தறது பெரிய செலவு, கண்ட ஆளயும் வச்சு ஒடைக்கக் கூடாது. அப்புறம் முக்கியமா...

டோங்காட் அக்கா: வண்டு.

சாட்ஸ்வொர்த் மாமா: ஆமா, வண்டு சர்டிபிகேட். சிரிக்கிறவங்க சிரிங்க.

லெனேசியா குமார்: சட்ட நம்பர் இன்னும் வரல.

சாட்ஸ்வொர்த் மாமா: வேன் காசு 400 ரேண்ட் இன்னிக்கே அனுப்பறேன், அக்கவுன்ட் நம்பர் போடு. அந்த உத்தரத்துத் துண்ட இன்னும் கராஜ்ல வச்சிருக்கேன், நாளைக்கு போட்டோ எடுத்துப் போடறேன்.

லெனேசியா குமார்: 450.