டெக்கமரோன் உலகக் கதைமரபுக்குத் தந்தது என்ன?

உவர்மலை வாசகி:
திருகோணமலையில் எங்கள் வாசகர் வட்டத்தில் இத்தாலியச் சிறுகதை மரபைப் பற்றிப் பேசவுள்ளேன். பொக்காச்சியோவின் 'டெக்கமரோன்' ஐரோப்பிய இலக்கியத்தில் எதை மாற்றியது என்று அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

தம்பலகாமத்தான்:
1348இல் புளோரன்சைக் கொள்ளைநோய் தாக்கியபோது நகரைவிட்டு வெளியேறிய ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் பத்து நாள்களில் 100 கதைகள் சொல்வதாக அந்நூல் அமைந்துள்ளது. கதைக்குள் கதை, விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதன்று. சாதாரண மனிதர் சொல்வன்மையால் தப்புவதுதான் என்னைக் கவர்ந்தது. கிக்கிபியோ என்ற சமையற்காரன், வாட்டிய நாரையின் ஒரு காலைக் காதலிக்குக் கொடுத்துவிட்டு, நாரைக்கு ஒரு கால்தான் என்று எசமானிடம் சாதிக்கிறான். மறுநாள் ஒற்றைக்காலில் நின்ற நாரைகள் எசமான் கத்தியதும் மறுகாலையும் ஊன்றிப் பறக்க, "நேற்றைய நாரையைப் பார்த்து நீங்கள் கத்தவில்லையே" என்கிறான்!

நிலாவெளி ஆசிரியர்:
தங்கச்சி, செல்வாக்குக்குச் சான்று வேண்டுமெனில் கடைசிக் கதையான கிரிசெல்டாவை எடுத்துக்கொள்ளுங்கள்; கணவனின் கொடிய சோதனைகளைப் பொறுமையோடு தாங்கும் மனைவியின் கதை அது. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் அதை இலத்தீனில் எழுத, அவ்வழியே ஆங்கிலக் கவிஞர் சோசர் அதைத் தம் 'கேன்டர்பரி கதைகளில்' சேர்த்தார். ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வுக்கு மூலமோ, பொக்காச்சியோவின் கதைமரபைப் பின்பற்றிய இத்தாலிய எழுத்தாளர் சிந்தியோ 1565இல் வெளியிட்ட தொகுப்பிலுள்ள ஒரு கதை.

உவர்மலை வாசகி:
மிக்க நன்றி ஐயா. கிரிசெல்டாவிலிருந்தே தொடங்குகிறேன், அவளது பொறுமையைப் பற்றி எங்கள் வட்டத்துப் பெண்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.